டியூப்பிளுக்கும் ஜங்ஷன் உண்டு பாஸ்!

அண்ணா பல்கலைக்கழக இன்ஜினீயரிங்னா ஃபர்ஸ்ட் செம்லயே பைத்தானைப் பார்த்தே ஆகணும்னு இருந்துச்சு. 2017 சிலபஸ்ல வந்து உட்கார்ந்த பேப்பர், 2021 சிலபஸ்லயும் எழுந்திருக்கலை. அதுல வைவாவுக்குன்னே பிறந்த கேள்வி ஒண்ணு: ''டியூப்பிளை மாத்தவே முடியாதுன்னு சொல்றே... அப்புறம் ரெண்டு டியூப்பிளை எப்படிப்பா ஒட்டுறே?''

பதில் நம்ம விழுப்புரம் ஜங்ஷன்லயே இருக்கு. பைத்தான் 3-ல வேரியபிள் பேரைத் தமிழ்லயே வைக்கலாம். வெச்சுப் பார்ப்போமா?

வடக்கு = ("செங்கல்பட்டு", "திண்டிவனம்", "விழுப்புரம்")

கார்டு = ("விருத்தாசலம்", "அரியலூர்", "திருச்சி")

மெயின் = ("கடலூர்", "சிதம்பரம்", "மயிலாடுதுறை")

வடக்கு + கார்டுன்னு போட்டா ஆறு ஊரோட புது டியூப்பிள் ஒண்ணு ரெடி. பழசு ரெண்டும் அப்படியே இருக்கும். யாரும் யாரையும் மாத்தலை. காப்பி எடுத்து மூணாவதா ஒண்ணு பிறந்திருக்கு, அவ்வளவுதான்!

இதுல என்ன லாபம்? தடம் = வடக்குன்னு எழுதிட்டு, தடம் += கார்டு போடுங்க. 'தடம்' புதுசாயிடும், 'வடக்கு' மூணு ஊரோடயே நிக்கும். அதை நம்பி மெயின் லைனையும் தனியா ஒட்டலாம். இதுவே எல்லாம் லிஸ்ட்டா இருந்தா? ரெண்டு பேரும் ஒரே லிஸ்ட்டைக் காட்டுறதால 'வடக்கு'லயும் திருச்சி வந்து ஏறிக்கும். அப்புறம் மயிலாடுதுறை போறவர் அரியலூரைச் சுத்திட்டுதான் போகணும்!

ரெண்டே ரெண்டு உஷார் பாயின்ட்:

* ஒரே ஊரை ஒட்டணும்னா ("திண்டிவனம்",)னு கமா கட்டாயம். கமா இல்லேன்னா அது வெறும் ஸ்ட்ரிங். பைத்தான் 'டைப் எரர்'னு முகத்தைத் திருப்பிக்கும்.

* லூப்புக்குள்ள ஒவ்வொண்ணா ஒட்டாதீங்க. ஒவ்வொரு தடவையும் முழுசா காப்பி ஆகும். 1,000 ஊரை இப்படிச் சேர்த்தா 1+2+3...னு போய் சுமார் 5 லட்சம் காப்பி! லிஸ்ட்ல அப்பெண்ட் பண்ணிட்டு, கடைசியா ஒரே ஒரு தடவை டியூப்பிளா மாத்திடுங்க.

இனிமே எக்ஸாமினர் கேட்டா, ''மாத்தலை சார், புதுசு பண்றோம்''னு தைரியமா சொல்லுங்க. நம்பலைன்னா, ஒட்டுறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் 'ஐடி' ஃபங்ஷனைப் போட்டுக் காட்டுங்க. நம்பரே சாட்சி சொல்லும்!