சேறு ஏன் ஒட்டுகிறது?

அமெரிக்காவில் பிரசிடெண்டு தேர்தல் வரும்போதெல்லாம் அபேட்சகர்கள்மேல் சேற்றை வாரி இறைப்பது ஏதோ இக்காலத்துக் கேடு என்று சிலர் அங்கலாய்க்கிறார்கள். சரித்திரத்தைப் பார்த்தால் அந்தச் சேற்றுக்கும் அந்தக் குடியரசுக்கும் ஏறக்குறைய ஒரே வயதுதான். நாம் கவனிக்க வேண்டியது எறிந்தவன் யார் என்பதல்ல. அது ஏன் ஒட்டிற்று என்பதேயாகும்.

1787-ல் எழுதப்பட்ட அந்நாட்டு அரசியல் சட்டம், எந்த உத்தியோகத்திற்கும் மதப் பரீட்சை கூடாதென்று சொல்லுகிறது. அப்படியிருந்தும், 1800-ல் ஜெபர்சன் நின்றபோது, கடவுளும் பக்தியுள்ள பிரசிடெண்டும் வேண்டுமா, கடவுளில்லாத ஜெபர்சன் வேண்டுமா என்று ஒரு பிலடெல்பியா பத்திரிகை ஓட்டர்களைக் கேட்டது. அவர் வந்தால் பைபிளைப் பிடுங்கிக் கொள்வார் என்றும் புரளி கட்டினார்கள். அவர் ஜெயித்து எட்டு வருஷம் ஆண்டார். யார் வீட்டுப் பைபிளும் பறிபோகவில்லை.

ஜெபர்சன் தரப்பும் இதில் சுத்தமல்ல. காலெண்டர் என்னும் எழுத்தாளனுக்குப் பணம் கொடுத்து எதிரியாகிய ஆடம்ஸைத் திட்டச் செய்தது. அதே காலெண்டர் 1802-ல் திரும்பிக்கொண்டு, ஜெபர்சனுக்கு அவருடைய அடிமைப் பெண்ணிடம் பிள்ளைகள் உண்டு என்று எழுதினான். இது மெய்யே என்று இன்று பெரும்பாலான சரித்திரக்காரர் ஒப்புகிறார்கள். ஆனால் அன்று கேலி செய்தவர்கள் அவள் நிறத்தைச் சொல்லிச் சிரித்தார்களேயொழிய, ஒரு மனுஷியை மற்றொருவன் சொத்தாக வைத்திருக்கலாமா என்று கேட்டவர் எத்தனை பேர்?

1828-ல் ஜாக்ஸனைத் தாக்க எதிரிகளுக்கு அகப்பட்டது அவர் மனைவி ரேச்சல். முதல் புருஷனோடு விவாகரத்து முடிந்ததென்று நம்பி ஜாக்ஸனை மணந்தவர். முடியவில்லையென்று பிறகு தெரிந்து, 1794-ல் மறுபடியும் முறைப்படி மணந்து கொண்டவர். முப்பது வருஷத்துக்குமேல் கழித்து அந்த அம்மாளை விபசாரி என்று அச்சடித்தார்கள். ஜாக்ஸன் ஜெயித்தார், அவர் பதவி ஏற்குமுன், அந்த டிசம்பரிலேயே ரேச்சல் இருதய நோயால் மாண்டார். அவதூறே அவரைக் கொன்றது என்று ஜாக்ஸன் கடைசிவரை நம்பினார். ஓட்டுக் கேட்டது ஆண். உயிரை விட்டது பெண்!

1928-ல் கத்தோலிக்கரான ஆல் ஸ்மித் நின்றார். நியூயார்க்கில் ஹட்ஸன் ஆற்றின்கீழ் போட்ட சுரங்கப் பாதையைக் காட்டி, இது ரோமிலிருக்கும் போப்பிடம் போகப் போகிறது என்றுகூடப் பிரசாரம் நடந்தது. கடலுக்கடியில் மூவாயிரம் மைலுக்குமேல் குடையமுடியுமா என்று கேட்க விடாதது எது? மதத் துவேஷமல்லவா? 1960-ல் கென்னடி என்ற கத்தோலிக்கர் ஜெயித்தபின் அந்தச் சேற்றுக்குப் பசை குறைந்தது.

2008-ல் ஒபாமாவை முஸ்லிம் என்றார்கள். எதிர்க்கட்சிக்காரரான காலின் பவல், அவர் கிறிஸ்தவரே என்று சொல்லி, முஸ்லிமாகவே இருந்தால்தான் என்ன என்றும் கேட்டார். இதுவே அறிவுள்ள கேள்வி.

லஞ்சம் வாங்கினானா, பொதுப் பணத்தைத் தின்றானா, சொன்ன வார்த்தையை மீறினானா என்று கேட்பதை நாம் சேறு என்று சொல்லவில்லை. அது ஓட்டர்களின் கடமை. மதத்தையும் நிறத்தையும் பெண்டாட்டியையும் காட்டி மிரட்டுகிறவனோ, அபேட்சகனின் குற்றத்தைக் காட்டவில்லை. ஓட்டர்களின் மூட எண்ணத்தையே காட்டுகிறான். அந்த எண்ணமே சேற்றின் பசை. "இருந்தால் என்ன?" என்று கேட்க ஓட்டர்கள் கற்றுக்கொண்ட அன்றைக்கு, சேறு வாரினவன் கையிலேயே அது காய்ந்துபோகும்.