மான்களுக்கு வேண்டியது புல்

ஐயா,

கோடையில் மெலியும் முதுமலைப் புள்ளிமான்களின் தேகபுஷ்டிக்காகத் தானியம் இட வேண்டும் என்று தங்கள் பத்திரிகையில் வெளிவந்த யோசனை கருணையில் பிறந்ததே ஆயினும், எனக்கு அது சம்மதமன்று. இலையும் புல்லும் செரிக்கப் பழகிய, அசைபோடும் பிராணியின் முதல் வயிற்றில் மாவுப்பொருள் திடீரென மிகுந்தால், அங்கே அமிலம் பெருகிப் பிராணனுக்கே அபாயம் நேரும் என்பதை, அவிழ்ந்து கிடந்த சோள மூட்டையில் வயிறாரத் தின்றுவிட்டு மறுநாள் உயிர்விட்ட ஒரு கறவைப் பசுவின் அருகில் செய்வதறியாது நின்று அறிந்தவன் நான்.

அலங்காரத்துக்கென்று அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து, இன்று மேய்ச்சல் வெளிகளை மூடிவரும் உண்ணிச்செடியை வனத்துறையினர் மழைக்கு முன் வேரோடு அகற்றி, அவ்விடங்களில் உள்ளூர்ப் புல்விதை தூவி, மீண்டும் தலைகாட்டும் முளைகளை ஆண்டுதோறும் களைந்துவர வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்,
கோயம்புத்தூர்.