ஒரு பொத்தானும் நெடிய அப்பியாசமும்

விழுப்புரத்திலிருந்து செஞ்சிக்குச் செல்லும் சாலையை விட்டுச் சற்றே விலகியிருக்கும் மண்டகப்பட்டில், செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு ஆகிய எதுவுமின்றி மும்மூர்த்திகளுக்கு ஆலயம் சமைத்ததாக, 7-ஆம் நூற்றாண்டுப் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன், விசித்திரசித்தன் என்னும் விருதுப் பெயரால் கல்வெட்டுப் பொறித்து வைத்திருக்கிறான். வழக்கமான சாதனங்கள் இல்லையென்று காரியத்தைக் கைவிடாமல், இருந்த பாறையையே உளிகொண்டு நிதானமாகக் குடையச் செய்த அந்த மனோபாவம், பேச நாவும் எழுதக் கையும் இசையாத நம் குழந்தைகளின் கல்விக்கு இன்று வேண்டியிருக்கிறது.

மூளை முடக்குவாதத்தால் உடல் கட்டுப்படாத குழந்தைக்கும், தலையைச் சாய்ப்பதோ முழங்காலை அசைப்பதோ, ஏதேனும் ஓர் அசைவு வசப்படலாம். அந்த அசைவுக்கு எட்டும்படி ஒரு சுவிட்சை வைத்தால், திரையில் படங்கள் ஒவ்வொன்றாக ஒளிர்ந்து வர, வேண்டிய படத்தில் அழுத்த, கருவி அதன் சார்பில் பேசும். ஸ்டீபன் ஹாக்கிங் தம் இறுதி ஆண்டுகளில் கன்னத் தசையின் அசைவொன்றைக் கொண்டே எழுதினார். நம் சென்னையிலேயே, மாற்றுத்திறனாளிகளுக்காக 1985-இல் தொடங்கப்பெற்ற வித்யாசாகர் நிறுவனத்தின் அனுபவத்தைத் துணைக்கொண்டு, ஐ.ஐ.டி.யில் பயின்ற அஜித் நாராயணன் ‘ஆவாஸ்’ என்னும் பேசும் கருவியை உருவாக்கினார்.

ஆகவே குறை கருவியில் இல்லை; நம் அவசரத்தில் இருக்கிறது. புதிய சுவிட்சைக் குழந்தையின் முன் வைத்துவிட்டு, ஆசிரியரும் தாயும் பாட்டியுமாக “அழுத்து கண்ணு, அழுத்து” என்று சூழ்ந்து நிற்கிறார்கள். அழுத்த வேண்டுமென்ற ஆவல் மிகுந்த அக்கணத்திலேயே அதன் தசைகள் விறைத்து, கை பின்னுக்கு இழுக்க, படம் கடந்து போகிறது. “இதற்குப் புரியவில்லை” என்ற தீர்ப்போடு சுவிட்ச் பீரோவுக்குள் போய்விடுகிறது. கற்பிக்காத பாடத்தில் பரீட்சை வைத்து, தோல்வியைக் குழந்தையின் தலையில் சுமத்துவது எவ்வளவு பெரிய அநியாயம்!

முதலில் இடுப்பும் முதுகும் தாங்கப்பெற்று, பாதங்கள் பலகையில் பதியும்படி அதை உட்கார வைக்க வேண்டும். பிறகு, அழுத்தினால் பாட்டு ஒலிக்கும், பம்பரம் சுழலும் என்ற விளையாட்டில், சரி, தவறு என்ற பேச்சே இல்லாமல், அசைவு பழக வேண்டும். ஓடும் ஒளிக்குக் காத்திருந்து தக்க தருணத்தில் அழுத்துவது கடினமாதலால், இரண்டு அசைவுகள் வாய்க்கும் குழந்தைக்கு, நகர்த்த ஒரு சுவிட்சும் தேர்ந்தெடுக்க மற்றொன்றும் தருவது உசிதம். சைக்கிள் பழகியவன் மிதிப்பதை எண்ணாமல் பாதையை நோக்குவதுபோல், அசைவு நினைவின்றி வரும் நாளில்தான் மனம் எழுத்திலும் கணக்கிலும் தங்கும். அதற்கு மாதங்கள் ஆகலாம்; ஆண்டும் ஆகலாம்.

தகுதியுள்ள மாணவர்களுக்கு 18 வயதுவரை உரிய உதவிக் கருவிகளை இலவசமாக வழங்க வேண்டுமென்று 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் விதிக்கிறது. கருவியைக் கொடுத்துப் புகைப்படம் எடுத்துக்கொள்வதோடு அந்தக் கடமை நிறைவேறிவிடாது. வட்டார வள மையங்களின் சிறப்பாசிரியர்களுக்கும் இயன்முறை மருத்துவர்களுக்கும் இந்தப் பயிற்சியை முறையாக அளித்து, வீட்டிலிருந்தே கல்வி பெறும் குழந்தைகளிடமும் சுவிட்சைக் கொண்டு சேர்த்து, ஓராண்டேனும் அவர்களோடு அமர்ந்து பழக்கிய பின்னரே எவருடைய அறிவைப் பற்றியும் அபிப்பிராயம் சொல்ல வேண்டும். ஒரு நாளைய உளித் தடத்தைப் பார்த்து, இப்பாறை கோயிலாகாதென்று விசித்திரசித்தன் திரும்பிப் போய்விடவில்லை.