பத்து நிமிடம் ஆன் பண்ணி வைத்தால் பேட்டரி ஏறாது

இதைச் சொன்னால் எங்கள் தெருவில் கோபப்படுகிறார்கள். "பிசிக்ஸ் வாத்தியார் மெக்கானிக் ஆகிவிட முடியுமா சார்?" என்கிறார்கள். மெக்கானிக் ஆக வேண்டாம். பத்தாம் வகுப்பு மின்னோட்டப் பாடமும் கொஞ்சம் பெருக்கலும் போதும்.

காரைக்குடியில் எங்கள் பகுதியில் கார் வைத்திருப்பவர்களில் பலர் என்னைப் போல ஓய்வூதியர்கள். பிள்ளைகள் பெங்களூரிலோ துபாயிலோ இருக்கிறார்கள், கார் இங்கே இருக்கிறது. கோயில், வங்கி, சந்தை எல்லாம் இரண்டு மூன்று கிலோமீட்டர்தான். வாரத்தில் பாதி நாள் வண்டி நகர்வதே இல்லை. அதற்குப் பரிகாரமாகக் காலையில் எழுந்ததும் போர்டிகோவிலேயே இன்ஜினை ஓட விட்டு, பக்கத்தில் நின்று பேப்பர் படிக்கிறார்கள். யாரோ ஒரு சர்வீஸ்காரர் என்றோ சொன்ன வாக்கு அது.

கணக்கைப் பாருங்கள். சின்னக் காரில் இருப்பது பெரும்பாலும் 35 ஆம்பியர்-மணி பேட்டரி. ஸ்டார்ட் பண்ணும்போது 150 ஆம்பியர் இழுக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் இழுப்பது இரண்டு நொடிதானே! 0.1 ஆம்பியர்-மணிகூடச் செலவாகாது. ஸ்டார்ட் பண்ணித்தான் பேட்டரி தீர்கிறது என்பது மூடநம்பிக்கை.

தின்பது வேறு. பூட்டிய காரிலும் கடிகாரம், அலாரம், ரிமோட் சாவியின் சிக்னலுக்குக் காத்திருக்கும் கருவி எல்லாம் விழித்திருக்கின்றன. 30 மில்லி ஆம்பியர் என்று வைத்தால் ஒரு நாளைக்கு 0.7, வாரத்துக்கு 5 ஆம்பியர்-மணி. ஏழில் ஒரு பங்கு சும்மா நின்றே காலி. மாப்பிள்ளை வாங்கிக் கொடுத்த டேஷ்கேமை நேரடியாகப் பேட்டரியில் இணைத்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

இனி உங்கள் பத்து நிமிடம். ஐடிலிங்கில் ஆல்டர்னேட்டர் தன் முழுத் திறனைத் தராது. ஏசி, பாட்டு எல்லாம் அணைத்திருந்தால் அந்த ஒரு நாளின் கசிவை ஈடுகட்டலாம். ஏசி போட்டு உட்கார்ந்திருந்தால் அதுவும் சந்தேகம். ஏற்கெனவே சோர்ந்த பேட்டரியை அது ஒருநாளும் நிறைக்காது. ஈய-அமில பேட்டரியின் குணம் அப்படி. காலியாக இருக்கும்போது வேகமாக வாங்கிக்கொள்ளும். கடைசி இருபது சதவீதத்துக்கு மணிக்கணக்கில் முரண்டு பிடிக்கும். 1859-இல் பிளாண்டே கண்டுபிடித்த நாளிலிருந்து அதன் சுபாவம் இதுதான். பாதி வயிற்றோடு நாள்கணக்கில் கிடந்தால் தகடுகளில் ஈய சல்பேட் படிகம் கெட்டியாகிவிடும். பிறகு எவ்வளவு கொடுத்தாலும் ஏறாது. நம் ஊர் வெயில் வேறு அதன் ஆயுளைக் குறைக்கிறது.

இதற்கிடையே பெட்ரோல் எரிகிறது. பத்து நிமிடத்துக்கு நூறு மில்லிக்கு மேல், மாதத்துக்கு மூன்று லிட்டருக்கு மேல். இன்ஜின் முழுச்சூடு ஏறாததால் சைலன்சரில் தண்ணீர் தங்கித் துருப்பிடிக்கும். ஷெட் கதவை மூடிக்கொண்டு ஓட விடுகிறவர்களும் உண்டு. அது தற்கொலைக்குச் சமம் ஐயா. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

என் உண்மையான கோபம் விற்கிறவர்கள் மேல். ஓய்வூதியர் நண்பர் ஒருவர் நாலு வருஷத்தில் மூன்றாவது பேட்டரி மாற்றியிருக்கிறார், ஒவ்வொன்றும் நாலைந்தாயிரம். கடைக்காரர் ஒருமுறைகூட மீட்டர் வைத்துப் பார்க்கவில்லை. "செத்துப்போச்சு சார்" என்று கையை விரித்துவிட்டு, பழையதை எடைக்கு எடுத்துக்கொண்டார். "எத்தனை கிலோமீட்டர் ஓட்டுறீங்க?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே! அந்த நண்பரின் மனைவிக்குப் போன மாதம் இரவு இரண்டு மணிக்கு நெஞ்சுவலி. சாவியைத் திருப்பினால் டிக் டிக் என்ற சத்தம் மட்டும். 108 வந்தது, பிழைத்தார்கள். வாசலில் எட்டு லட்ச ரூபாய் கார் நின்றுகொண்டிருந்தது.

முந்நூறு நானூறு ரூபாய்க்கு மல்டிமீட்டர் கிடைக்கிறது. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், காலையில் ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன் அளந்து பாருங்கள். 12.6 காட்டினால் நிறைவு. 12.4 முக்கால், 12.2 பாதி. "12 வோல்ட் பேட்டரிதானே, 12 காட்டுதே" என்று மகிழ்கிறவர்களே, 12 என்றால் கால் பங்குதான் இருக்கிறது.

வாரம் ஒருமுறை வெளியூர் ரோட்டில் முக்கால் மணி நேரமாவது ஓட்டுங்கள். திருமயம் கோட்டை வரை போய்த் திரும்பினால் சுமார் 40 கிலோமீட்டர், வீட்டுக்கார அம்மாவுக்கும் மாறுதலாக இருக்கும். அதுவும் கடைசிச் சொட்டு வரை நிறைக்காது. அதனால் மாதம் ஒரு ராத்திரி, நிறைந்ததும் தானே குறைத்துக்கொள்ளும் சார்ஜரைக் காற்றோட்டமான இடத்தில் மாட்டி வையுங்கள். விலை இரண்டு மூவாயிரம், ஒரு பேட்டரி விலைகூட இல்லை. பேரன் பேத்தியைப் பார்க்க ஒரு மாதம் வெளிநாடு போனால் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றிவிட்டுப் போங்கள். பத்து எண் ஸ்பேனர் போதும், பெரும்பாலான வண்டிகளில்.

"எங்க அப்பா அம்பாசிடரை அப்படித்தான் வெச்சிருந்தார்" என்று கமெண்ட் போடப்போகிறவர்களுக்கு: அந்த வண்டியில் இரவெல்லாம் விழித்திருக்கும் கம்ப்யூட்டர் ஏது? வோல்ட்டை அளந்துவிட்டு வந்து சண்டை போடுங்கள். வண்டி எத்தனை நாள் நின்றது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.