பூசி மெழுகிய விலை

பழைய காரை விற்க நினைப்பவனுக்கு முதலில் வந்து சேர்வது உபதேசம். "டிங்கரிங், பெயிண்ட் வேலையை முடித்துவிடு; உள்ளே வாசனைத் திரவியம் தெளித்து வை; வருகிறவன் கேட்காததை நீயாக வாய் திறந்து சொல்லாதே; அப்புறம் பார், விலை தானாக ஏறும்" என்று வீட்டுப் பெரியவர்களும், அலுவலக நண்பர்களும், தெருமுனை மெக்கானிக்கும், தரகரும் ஏகோபித்துச் சொல்லும் இந்த உபதேசம் நம்மிடையே ஏறக்குறைய வேதவாக்காகிவிட்டது. மற்ற விஷயங்களில் ஒரு ரூபாய்க்கும் பொய் சொல்லக் கூசுகிறவர்கள்கூட, வண்டி விற்கும் அந்த ஒரு வாரத்தில் மட்டும் நேர்மையை ஒதுக்கி வைப்பதே சாமர்த்தியம் என்று மெய்யாகவே நம்புகிறார்கள். இது தர்மத்துக்கு விரோதம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். கணக்குப் பார்த்தாலும் இது பிசகு. குறையை மறைப்பது விலையை இறக்குகிறது என்பதே என் வாதம்.

மறைக்கும் வித்தை மோட்டாரோடு வந்ததன்று. மாட்டுச் சந்தைக்குப் பசுவை ஓட்டி வருகிறவன் முதல் நாள் மாலையிலிருந்தே கறக்காமல் விட்டு மடியைப் பெருக்கிக் காட்டுவதும், வாங்க வந்தவன் அந்த மடியை நம்பாமல் வாயைப் பிளந்து பல்லை எண்ணி வயதைக் கணிப்பதும், பின்பு துண்டுக்கடியில் விரலைப் பற்றிப் பேசும் பேரத்தில் பெருத்த மடிக்கென்று ஒரு தொகையைக் கழித்துக்கொள்வதும் கிராமத்தில் வளர்ந்த எவருக்கும் தெரிந்த காட்சிகள். இதில் பரிதாபத்துக்குரியவன், காலையில் கன்றுக்கு ஊட்டி, கறந்து, உள்ளபடியான மடியோடு பசுவைக் கொண்டுவந்த குடியானவன். எந்த மடி மெய், எந்த மடி பொய் என்று நிச்சயிக்க வழியில்லாத வியாபாரி அவனுக்கும் அதே கழிவைத்தான் போடுகிறான்.

இந்த உண்மையைச் சாஸ்திர ரீதியாக நிலைநாட்டியவர் ஜார்ஜ் அக்கர்லாஃப் என்னும் அமெரிக்கப் பொருளாதார அறிஞர். 1970ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட கட்டுரை, பழைய கார்ச் சந்தையையே உதாரணமாக எடுத்துக்கொண்டது. விற்பவனுக்குத் தன் வண்டியின் குணதோஷம் தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. ஆகையால் வாங்குபவன் நல்ல வண்டிக்கும் கெட்ட வண்டிக்கும் நடுவான ஒரு விலையைத்தான் தருவான். அந்த விலை கட்டுப்படியாகாமல் நல்ல வண்டிக்காரன் சந்தையை விட்டு விலகுவான். அவன் விலக விலக மிஞ்சும் சரக்கின் தரம் தாழ்ந்து, விலை மேலும் இறங்கும் என்று அவர் காட்டினார். 2001ஆம் ஆண்டின் பொருளாதார நோபல் பரிசை அவர் வேறு இருவரோடு பகிர்ந்துகொண்டதற்கு இவ்வகை ஆராய்ச்சியே காரணம்.

அவருடைய ஏட்டுத் தத்துவத்தை நாம் சென்னையில் கண்ணாரக் கண்டோம். 2015ஆம் ஆண்டு டிசம்பர் மாதத் தொடக்கத்தில் அடையாறு கரை புரண்டபோது, முடிச்சூரிலும் கோட்டூர்புரத்திலும் வேளச்சேரியிலும் நிறுத்தியிருந்த கார்கள் கண்ணாடி மட்டத்துக்கு நீரில் நின்றன. அவற்றில் சிலவற்றை உலர்த்தி, இருக்கைத் துணியை மாற்றி, ஒன்றும் நடவாததுபோல் விற்றவர்கள் தங்களைக் கெட்டிக்காரர்கள் என்று எண்ணியிருப்பார்கள். ஆனால் அதன் பிறகு, மதுரையில் இருக்கும் என் மைத்துனர், சென்னைப் பதிவெண் கொண்ட வண்டி என்றாலே வேண்டாம் என்று தலையசைக்கலானார். அவரைப் போல் அஞ்சியவர்கள் எத்தனையோ பேர். மூன்றாம் மாடியில் குடியிருந்து, மேட்டு நிலத்தில் வண்டியை நிறுத்தி, ஒரு சொட்டு நீரும் உள்ளே புகாமல் காப்பாற்றியவரும் அந்தச் சிலருடைய மறைப்புக்காகத் தம் விலையில் ஒரு பங்கை இழந்தார்.

மேலும், மறைத்தவை மறைந்திருக்கும் என்பதே ஒரு பிரமை. விவரம் தெரிந்தவன் பளபளப்பை ஏறிட்டும் பார்ப்பதில்லை. பானெட்டைத் திறந்து போல்ட்டுகளின் தலையில் ஸ்பானர் பட்டுப் பெயிண்ட் பெயர்ந்திருக்கிறதா என்று பார்க்கிறான். கதவோரத்து ரப்பரை இழுத்து, அதன் அடியில் நிறம் வேறுபடுகிறதா என்று நோக்குகிறான். கண்ணாடிகளில் ஒன்று மட்டும் வேறு ஆண்டு முத்திரை தாங்கியிருந்தால், அந்தப் பக்கம் அடிபட்ட சரித்திரத்தை ஊகித்துவிடுகிறான். டயரின் பக்கவாட்டில் இருக்கும் நான்கு எண்கள், அது பிறந்த வாரத்தையும் ஆண்டையும் சொல்லிவிடும். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தால், வெள்ளத்தில் நின்ற வண்டியின் சேற்றுக் கோடு சில சமயம் வெளிப்படும். மீட்டரைத் திருப்பி முப்பதாயிரம் கிலோமீட்டரைக் குறைத்தவன், தேய்ந்து வழவழத்த பிரேக் பெடலின் ரப்பரையும், சர்வீஸ் நிலையத்துக் கணினியில் ஏறிய பழைய கணக்கையும் திருப்ப முடிவதில்லை. இன்ஷூரன்ஸ் பாலிசியோ எல்லாவற்றிலும் பெரிய சாட்சி. இழப்பீடு கோராத ஆண்டுகளுக்கேற்ப 20 சதவீதத்தில் தொடங்கி 50 சதவீதம் வரை உயரும் நோ கிளெய்ம் போனஸ், ஒருமுறை கிளெய்ம் வாங்கினால் சாதாரணமாகப் பூச்சியத்துக்கு இறங்கிவிடும். "ஒரு கீறல்கூட இல்லை" என்று சத்தியம் செய்கிறவரின் பாலிசியில் அந்த இடம் பூச்சியமாக இருப்பதைக் கண்டவன் பிறகு எதை நம்புவான்? ஒரு பொய் பிடிபட்டதும், பிடிபடாத பத்துப் பொய்களுக்கும் சேர்த்து அவன் விலையைக் குறைக்கிறான்.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும், நியாயமான ஆட்சேபம்தான். "எல்லோரும் மறைக்கும்போது நான் மட்டும் மெய் பேசினால் யார் நம்புவார்கள்? சொன்ன குறைக்கு ஒரு கழிவு, சொல்லாமல் விட்டிருப்பேன் என்ற சந்தேகத்துக்கு மற்றொரு கழிவு என்று இரட்டை நஷ்டமல்லவா?" என்பார்கள். வெறும் வாய்ச்சொல்லாக இருந்தால் அப்படித்தான் ஆகும். விலை பெறுவது அத்தாட்சி. 2021ஆம் ஆண்டில் நான் என்னுடைய 2012ஆம் ஆண்டு வேகன்-ஆர் காரை விற்றபோது, தரகர் 1,80,000 ரூபாய்க்கு மேல் தர மறுத்தார். நண்பர் ஒருவர், பின்கதவின் நசுங்கலை எடுத்துப் பெயிண்ட் அடித்துவிட்டால் 2,40,000 நிச்சயம் என்றார். நான் கதவை அப்படியே விட்டேன். ஒன்பது ஆண்டு ரசீதுகளையும் தேதிவாரியாக ஒரு கோப்பில் அடுக்கி, நசுங்கலையும், 70,000 கிலோமீட்டரில் கிளட்ச் மாற்றியதையும், ஏ.சி. மத்தியானத்தில் சற்றுத் தளர்வதையும் ஒரு தாளில் எழுதி மேலே வைத்தேன். முதலில் வந்த இருவர் அந்தத் தாளைப் படித்துவிட்டே போய்விட்டார்கள். அதை நான் மறைக்கப் போவதில்லை. மூன்றாவதாக வந்த பள்ளி ஆசிரியரிடம், உங்களுக்கு வேண்டிய மெக்கானிக்கிடம் கொண்டுபோய்ப் பாருங்கள் என்று சாவியைக் கொடுத்தேன். திரும்பி வந்து அவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தது ஒரேயொரு ரசீதைத்தான்: வெள்ளம் வந்த அதே வாரத்தில், ஒரு கல்யாணத்துக்காகச் சென்றிருந்த மதுரையில், அந்த வண்டிக்கு ஆயில் மாற்றிய ரசீது. 2,15,000 ரூபாய்க்குக் கிரயம் முடிந்தது. நண்பர் சொன்ன தொகை வரவில்லை. ஆனால் அந்தத் தொகையை யாரேனும் தந்திருப்பார்கள் என்பதற்கு அவருடைய ஊகத்தைத் தவிர வேறு ஆதாரமும் இல்லை.

கைக்கு வந்த பணம் கையிலேயே நிலைக்குமா என்ற கேள்வியும் உண்டு. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், வெறும் மௌனத்தைப் பொதுவாக மோசடியாகக் கருதுவதில்லை; ஆனால் அறிந்த ஒரு விஷயத்தை எதிராளியை ஏமாற்றும் நோக்கத்தோடு முனைந்து மறைப்பதை மோசடி என்றே 17ஆம் பிரிவில் கூறுகிறது. மோசடியால் சம்மதம் பெறப்பட்ட ஒப்பந்தத்தை ரத்துச் செய்ய ஏமாந்தவருக்கு 19ஆம் பிரிவு உரிமை தருகிறது. துருவைச் சொல்லாமல் விடுவதற்கும், துருவின் மேல் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடிப்பதற்கும் உள்ள தூரம் அவ்வளவு பெரிது. பூசச் சொல்லும் உபதேசிகள் இதைச் சொல்வதில்லை. வழக்கு வந்தால் அவர்கள் வாசலில் நிற்பதுமில்லை.

பூச்சுக்கு இருபதாயிரம் செலவழிக்கும் அதே மனிதர், பல ஆண்டுகள் சேர்த்த நோ கிளெய்ம் போனஸ் வண்டியைச் சேர்ந்ததன்று, தம்மைச் சேர்ந்தது, கம்பெனியிடம் சான்று வாங்கி அடுத்த காருக்கு அதைப் பயன்படுத்தலாம் என்பதை அறியாமல் விட்டுவிடுகிறார். இதைவிடப் பெரிய அபாயம், வாங்குபவர் பெயரில்லாத 29, 30ஆம் படிவங்களில் கையெழுத்திட்டுத் தரகரிடம் கொடுப்பது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 50ஆம் பிரிவுப்படி, அதே மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாட்களுக்குள் உரிமை மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டும். பதிவேட்டில் எவர் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து நஷ்டஈட்டுக்குப் பொறுப்பாவார் என்று உச்ச நீதிமன்றம் 2018ஆம் ஆண்டில் தீர்ப்பளித்திருக்கிறது. வண்டி நான்கு கை மாறியிருந்தாலும் முதலில் விற்றவரை அந்தப் பொறுப்பு விடவில்லை. ஏமாந்து வாங்கியவனோ வண்டியை எவன் தலையிலாவது கட்டிவிட எண்ணுகிறானேயன்றி, பெயர் மாற்றத்தில் அக்கறை கொள்வதில்லை.

அந்த ஆசிரியர் பணத்தோடு வந்த அன்று, அவருடைய பெயரையும் முகவரியையும் படிவத்தில் எழுதி முடித்த பிறகே நான் கையெழுத்திட்டேன். கோப்பை அவர் மடியில் வைத்துக்கொண்டார். ரசீதுகள் காற்றில் பறக்காமல் ஒரு கையால் அழுத்தியபடியே, ஏ.சி. எந்தக் கடையில் பார்த்தீர்கள் என்று கேட்டார். கடையின் விலாசத்தை அதே தாளின் பின்புறம் எழுதிக் கொடுத்தேன். மூன்று வாரத்தில் அவர் பெயருக்கு ஆர்.சி. புத்தகம் மாறி வந்தது.