கை தட்டுறவங்களும் ஜாமீன்தாரர்தான்

நம்ம ஆளுங்க நாலு பேர் கூடுற எந்த விருந்துக்குப் போனாலும் இப்ப இந்தப் பேச்சு வந்துடுது. "ஒரு பெரிய சண்டை வரட்டும் சார், அப்பத்தான் எல்லாத்துக்கும் ஒரு முடிவு கிடைக்கும்." 2025 மே மாசம் இந்தியா-பாகிஸ்தான் மோதல் நாலே நாள்ல நின்னப்போ, "ஏன் நிறுத்தினாங்க?"ன்னு வருத்தப்பட்டவங்களும் நம்மள்ல உண்டு. பிரியாணித் தட்டைக் கையில வச்சுக்கிட்டு இதைச் சொல்றது சுலபம். இது பச்சை முட்டாள்தனம்னு சொல்லத்தான் இதை எழுதுறேன்.

நான் படிச்சது பி.காம். பார்க்கிறது பேங்க் உத்தியோகம். அதனால எனக்குத் தெரிஞ்ச பாஷையிலேயே சொல்றேன். பெரிய போர் ஒரு பைத்தியக்காரனால வர்றதில்லை. ஜாமீன் கையெழுத்தால வருது.

1914 ஜூன் 28. சரயேவோவில ஆஸ்திரிய இளவரசரைச் சுட்டாங்க. ஆஸ்திரியாவுக்கும் செர்பியாவுக்கும் நடுவுல இருந்த பகை அது. ஆனா ஆஸ்திரியாவுக்கு ஜெர்மனி "நீ என்ன செஞ்சாலும் நான் இருக்கேன்"னு வாக்குக் கொடுத்துச்சு. தொகை எழுதாம கையெழுத்து மட்டும் போட்ட செக்னு வரலாற்றுக்காரங்களே அதைச் சொல்றாங்க. செர்பியாவுக்குப் பின்னால ரஷ்யா, ரஷ்யாவுக்குப் பின்னால பிரான்ஸ். ஜெர்மனி பெல்ஜியத்துக்குள்ள புகுந்ததும், 1839இல போட்ட ஒப்பந்தத்தைக் காட்டி பிரிட்டன் இறங்குச்சு. 75 வருஷத்துக்கு முந்தின கையெழுத்து!

இதுல நமக்கு என்ன? செப்டம்பர் 22 ராத்திரி எம்டன் கப்பல் வந்து சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரிச்சுது. சரயேவோவுக்கும் சென்னைக்கும் இடையில வெறும் 86 நாள். "அவன் பெரிய எம்டன்"னு இன்னைக்கும் சொல்றோமே, அது அப்ப வந்த வார்த்தை. அந்தப் போர்ல 70,000க்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்கள் செத்தாங்க. இந்தியாவைக் கேட்டா போர்ல சேர்த்தாங்க? யாரோ போட்ட கையெழுத்துக்கு நம்ம வீட்டுல ஜப்தி.

"இப்பல்லாம் வியாபாரம் இவ்வளவு பின்னிக் கிடக்கே, யாரு சார் சண்டை போடுவா?"ன்னு சில படிச்சவங்க கேப்பாங்க. 1914க்கு முன்னாடி பிரிட்டனும் ஜெர்மனியும் ஒருத்தருக்கொருத்தர் பெரிய வாடிக்கையாளர்கள்தான். போர்ல ஜெயிச்சவனுக்கும் நட்டம்தான்னு நார்மன் ஏஞ்சல் புத்தகமே போட்டு, அது உலகம் பூரா வித்துது. கணக்கு சரி. ஆனா ரோஷம் வந்தவன் ஐந்தொகை பார்க்கிறதில்லை.

எங்க ஊர் பொழியூர். நெய்யாற்றின்கரை தாலுகா, கேரளாவோட தெற்குக் கோடி. அடுத்த ஊர் நீரோடி, தமிழ்நாடு. எல்லைன்னா என்னன்னு எங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். 1954 ஆகஸ்ட் 11 அன்னைக்கு மார்த்தாண்டத்திலயும் புதுக்கடையிலயும் போலீஸ் சுட்டதுல தமிழர்கள் செத்தாங்க. 1956 நவம்பர் 1 அன்னைக்குக் கோடு போட்டாங்க. விளவங்கோடு அந்தப் பக்கம், நெய்யாற்றின்கரை இந்தப் பக்கம். ரெண்டு பக்கமும் மனக்குறை இருந்துச்சு. ஆனா அது போரா வளரலை. ஏன்? நாங்க எல்லாம் புத்தர்கள்ங்கிறதால இல்லை. மேல ஒரு ஆணையம், பாராளுமன்றம், கோர்ட்டுன்னு இருந்துச்சு.

நாடுகளுக்கு மேல அப்படி யாரு இருக்கா? ஐ.நா. பாதுகாப்பு சபையில அஞ்சு நாட்டுக்கு வீட்டோ. பிரதிவாதியே நீதிபதி!

அதனால நாடுகளுக்கு இருக்கிற ஒரே வழி, மானம் போகாம பின்வாங்க எதிராளிக்கு இடம் விடுறது. 1962 கியூபா நெருக்கடியில குருஷேவ் ஏவுகணைகளைத் திரும்ப எடுத்தார். கென்னடியும் துருக்கியில இருந்த தன் ஏவுகணைகளை எடுக்க ரகசியமா ஒத்துக்கிட்டார். பேங்க் பாஷையில ஒன் டைம் செட்டில்மென்ட். ரெண்டு பேரும் கொஞ்சம் விட்டாங்க, உலகம் பிழைச்சுது. ரெண்டு ஊர்லயும் ராத்திரி பகலா டி.வி.யில கத்திக்கிட்டும், போன்ல "விடாதே, அடி"ன்னு அனுப்பிக்கிட்டும் இருந்திருந்தா அந்த இடம் கிடைச்சிருக்குமா? இங்கதான் நம்ம தப்பு இருக்கு மக்களே. தலைவர்கள் பின்வாங்குற கதவை அடைக்கிறது எதிரி மட்டுமில்லை, கை தட்டுற கூட்டமும்தான்.

வெளிநாட்டுல இருக்கிற நமக்கு இது இன்னும் பொருந்தும். 1990 ஆகஸ்ட் 2 அன்னைக்குக் குவைத்துக்குள்ள இராக் புகுந்துச்சு. சுமார் 1,70,000 இந்தியர்கள் போட்ட துணியோட ஊர் திரும்பினாங்க. இராக் அங்கே குவைத் தினாரையே செல்லாததாக்கிச்சு. வருஷக்கணக்கா சேர்த்த காசு காகிதமாச்சு. 2025 ஜூன் 23 அன்னைக்குக் கத்தார்ல இருக்கிற அமெரிக்கத் தளத்து மேல ஈரான் ஏவுகணை விட்டப்போ வளைகுடா வான்வழியை மூடினாங்க. பூந்துறையிலயும் பொழியூர்லயும் எத்தனை அம்மாமார் அன்னைக்குத் தூங்கியிருக்க மாட்டாங்க!

நாட்டுப்பற்று வேண்டாம்னு நான் சொல்லலை. நாட்டைக் காக்க ராணுவம் வேணும், அடிச்சா தடுக்கவும் வேணும். ஆனா போரை ஆசைப்பட்டுக் கேக்கிறது நாட்டுப்பற்று இல்லை.

அடுத்த தடவை யாராவது "ஒரு போடு போட்டா சரியாயிடும்"னு ஆரம்பிச்சா, மரியாதைக்குச் சிரிச்சுட்டு நகராதீங்க. மூணு கேள்வி கேளுங்க. அவனுக்குப் பின்னால யார் யார் கையெழுத்துப் போட்டிருக்காங்க? எந்த இடத்துல நிறுத்துவீங்க? போறது உங்க பிள்ளையா, அடுத்தவன் பிள்ளையா? பதில் சொல்லாதவருக்கு ஜாமீன் போடாதீங்க.