மரம் நட்டால் காடு அழியுமா?

காடு என்றாலே மரங்கள் தான் கண் முன் வரும். மரம் நட்டால் காடு வளரும், வெட்டினால் அழியும் என்பது எல்லோரும் பள்ளியில் படித்த பாடம். ஆனால் நீலகிரியில் நடந்தது வேறு. அங்கே மரம் நட்டதாலேயே வரையாடு தன் வீட்டைப் பெருமளவு இழந்திருக்கிறது!

நீலகிரியின் உயரமான பகுதிகளில் மேடெல்லாம் புல்வெளி, பள்ளங்களில் சோலைக்காடு. இது இயற்கை போட்ட எல்லை. குளிர்கால உறைபனி, திறந்த வெளியில் முளைக்கும் சோலை மரக்கன்றுகளைக் கருக்கிவிடும். அதனால் சோலை எளிதில் மேடேறுவதில்லை.

இந்த எல்லையும் நிலையானது அல்ல. மலைச் சதுப்புகளில் அடுக்கடுக்காய்ப் படிந்த மண்ணை ஆராய்ந்த விஞ்ஞானிகள், கடந்த 20,000 ஆண்டுகளில் வறண்ட காலத்தில் புல்லும் மழை கூடிய காலத்தில் சோலையும் பரவியதைக் கண்டிருக்கிறார்கள். ஆக, வாழிடம் மாறுவது புதிதல்ல. ஆனால் அது ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் மெல்ல நடந்தது. விலங்குகள் இடம் மாறிக்கொள்ள அவகாசம் இருந்தது.

மனிதன் அந்த அவகாசத்தைத் தரவில்லை. ஆங்கிலேயர் கண்ணுக்குப் புல்வெளி வெறும் தரிசு நிலம். 1840களில் ஆஸ்திரேலியாவிலிருந்து சீகை மரமும் கற்பூர மரமும் வந்தன. முதலில் விறகுக்கு. பிறகு தோல் பதனிட சீகைப் பட்டை, ரேயான் ஆலைக்கு மரக்கூழ். சுதந்திரத்துக்குப் பிறகும் புல்வெளியில் மரம் நடுவது தொடர்ந்தது. தேயிலையும் தன் பங்குக்கு மலையை எடுத்துக்கொண்டது.

வரையாடு புல் மேயும் விலங்கு. ஆபத்து என்றால் பாறைச் சரிவுக்கு ஓடித் தப்பிக்கும். அதற்கு எதிரி தூரத்திலேயே தெரிய வேண்டும். அடர்ந்த சீகைத் தோப்பில் புல்லும் இல்லை, பார்வையும் இல்லை. வேட்டையும் சேர்ந்துகொள்ள, தமிழ்நாட்டின் மாநில விலங்கு அங்கங்கே தனித்தனித் திட்டுகளில் ஒதுங்கிவிட்டது. 2025 கணக்கெடுப்பில் மாநிலம் முழுவதும் எண்ணப்பட்டவை 1,303 தான். தோடர்களின் எருமைகளுக்கும் மேய்ச்சல் நிலம் சுருங்கிப்போனது.

அப்படியானால் எல்லாவற்றையும் வெட்டிவிடலாமா? அதுவும் சுலபம் இல்லை. சீகை விதை மண்ணுக்குள் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். வெட்டிய இடத்தில் வெயில் பட்டதும் ஆயிரக்கணக்கில் முளைக்கும். சில பழைய தோப்புகளின் நிழலில் சோலைக் கன்றுகள் வளர்வதும் உண்டு. எனவே இடம் பார்த்து அகற்ற வேண்டும், அகற்றிய இடத்தில் உள்ளூர்ப் புல்லை நட்டு, வருடக்கணக்கில் களை எடுக்க வேண்டும். 2022ல் தமிழ்நாடு அரசு அறிவித்த வரையாடு திட்டம் நல்ல தொடக்கம். ஆனால் அதன் வெற்றி இந்தப் பொறுமையில் தான் இருக்கிறது.

அதற்கு முன், ஒரு எண்ணம் மாற வேண்டும். மரக்கன்று எண்ணிக்கை மட்டுமே இயற்கையின் வரவு ஆகாது. எந்த நிலத்தில் நடுகிறோம் என்று பார்க்காமல் நட்டால் அது செலவுக் கணக்கில் தான் சேரும். புல்லும் ஒரு காடு தான். அதை நம்பியும் உயிர்கள் இருக்கின்றன!